கழுத்துப் பக்கத்துக் காயில்

எங்கள் வீட்டில் கிட்டார் ஒன்று, அதற்குச் சொந்தக்காரிகள் இரண்டு பேர். நியாயமாகப் பார்த்தால் அது அக்காவுடையது. மாதா கோயில் பாடகர் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் வேலை மாற்றலாகி அரூரைவிட்டுப் போகும்போது அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க, டிபன் கேரியர் உயரத்தில் ஒரு குட்டி ஆம்ப். அதற்குப் பிறகு பல வருஷம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை எதிலும் அவள் வாசிக்காமல் இருந்ததில்லை. அவளைவிட எட்டு வயது சின்னவளான நான், எட்டாம் வகுப்பில் மெட்டல் ராக் பாட்டுப் பைத்தியம் பிடித்த அன்றே அந்தக் கிட்டாரில் எனக்கும் பாதி உண்டு என்று முடிவு செய்துவிட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

பைத்தியம் என்றால் சாதாரணப் பைத்தியம் இல்லை. தோழி ஒருத்தி காதில் மாட்டிவிட்ட ஹெட்செட்டில் ஆரம்பித்தது. மூன்று மாதத்தில் அம்மாவின் போன் முழுக்க அதே பாட்டுகள். சாமி பாட்டு கேட்கிற போனில் கல் கிரஷர் ஓடுகிறதே என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அந்த கிரஷர் சத்தத்தை எங்கள் கிட்டாரில் வரவழைக்க வேண்டும் என்பதுதான் அப்போது என் வாழ்க்கையின் ஒரே லட்சியம். ஆனால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அது கோயில் மணியாகத்தான் ஒலித்தது.

குற்றவாளி பிக்கப் என்று இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் அது பதிந்திருக்கும். காந்தத் துண்டுகளைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றி வைத்த சின்ன காயில், அவ்வளவுதான். மேலே கம்பி அதிர்ந்தால் இதில் மின்சாரம் பிறக்கும், அது ஆம்ப்பில் போய்ச் சத்தமாகும். எங்கள் கிட்டாரில் மூன்று இருந்தன. மீட்டுகிற கைக்குப் பக்கத்தில் ஒன்று, அதில் சத்தம் கூர்மையாக வரும். நடுவில் ஒன்று, அது எங்களிடம் வரும்போதே செத்துப்போயிருந்தது. கிட்டாரின் கழுத்து தொடங்குகிற இடத்தில் மூன்றாவது, அதில் சத்தம் உருண்டையாக, மெத்தென்று வரும். அக்கா எப்போதும் கழுத்துப் பக்கத்தில்தான் வாசிப்பாள். நான் அதற்கு ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் என்று பெயர் வைத்திருந்தேன், பாராட்டாக இல்லை.

மெட்டலுக்கு ஹம்பக்கர் வேண்டும். இரண்டு காயிலைச் சேர்த்துக் கட்டிய பிக்கப், இரைச்சல் இல்லாமல் இரட்டைப் பலத்தோடு உறுமும். பழைய ஓட்டையிலேயே உட்காருகிற சின்ன அளவிலும் அது கிடைத்தது. எதை வாங்குவது என்று தேர்ந்தெடுக்க நான் பட்ட பாடு பரீட்சைக்குப் பட்டிருந்தால் மாவட்டத்தில் முதலாவதாக வந்திருப்பேன். ஒரு நாற்பது பக்க நோட்டு முழுக்க இதற்கென்றே வைத்திருந்தேன். செராமிக் காந்தமா, அல்நிகோ காந்தமா, மின்தடை எத்தனை ஆயிரம் ஓம். ஒப்பிட்டுக் காட்டும் வீடியோக்களை அம்மாவின் போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த ஸ்பீக்கரில் எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. கடைசியில் காதை நம்பாமல் எண்ணை நம்பினேன். எதற்கு ஓம் அதிகமோ அதுவே உசத்தி.

எங்கள் பக்கத்து மூளை அப்படித்தான் வேலை செய்யும். போர்வெல்லில் தண்ணீர் குறைந்தால் ஊற்று எங்கே போனது என்று பார்க்கமாட்டார்கள், இன்னும் பெரிய மோட்டாராக இறக்குவார்கள். அது புகைந்ததும் அப்பாவிடம் வரும். அப்பா தீர்த்தமலை போகும் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார்.

அக்கா ஆறு மாதம் அசைந்துகொடுக்கவில்லை. நன்றாக இருக்கிற சாமானை எதற்குக் கெடுக்க வேண்டும் என்பது அவள் கட்சி. நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே அலைந்தேன். துணி துவைக்கிற இடத்தில், சோறு வடிக்கிற இடத்தில், ஜெபமாலை சொல்லி முடித்த உடனே. அவளுக்குச் சிரிப்பு வரும், சில நாள் கோபம் வரும், சம்மதம் மட்டும் வராது.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், நான் கேட்காமலேயே அவளாக வந்து சொன்னாள்.

“கைப்பக்கம் இருக்கறத வேணா எடுத்துட்டு உன்னோடத போட்டுக்க. ஆனா கழுத்துப்பக்கம் இருக்கறதத் தொடக்கூடாது. அது எனக்கு வேணும்.”

நோட்டு ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பெங்களூரில் வேலை பார்த்த மாமா பொங்கலுக்கு வரும்போது நான் எழுதிக்கொடுத்த ஹம்பக்கரை வாங்கிவந்தார். அப்பா கடையில் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். மீட்டரை வைத்து அளந்து பார்த்துவிட்டு, இத்தனூண்டு சாமானுக்குப் பதினஞ்சாயிரம் ஓமா என்று ஆச்சரியப்பட்டார். வீட்டுக்கு வந்து முதல் தடவை ஓங்கி அடித்தபோது பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்தப் பெருமையில் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே. நான்கு மாதம் போனதும் கழுத்துப் பக்கமும் உறுமினால் எப்படி இருக்கும் என்று புத்தி போயிற்று. அந்தப் பக்கம் வெறும் ஆறாயிரம் ஓம், பாவமாக இருந்தது. இன்னொன்று வாங்கித்தர மாமா கிடைக்கமாட்டார். ஆனால் அப்பா இருக்கிறாரே, தினம் பத்து காயில் கட்டுகிறவர், இதில் இன்னும் கொஞ்சம் சுற்று ஏற்றித்தரமாட்டாரா? அக்கா தையல் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைக் கழற்றி, பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

அப்பாவுக்கு ஏக சந்தோஷம். வீட்டில் இரண்டு பெண்களில் ஒருத்தியாவது காயில் பற்றிப் பேசுகிறாளே என்று. ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். பிறகு ஒன்று கேட்டார்.

“அக்காளக் கேட்டுட்டியா பாப்பா?”

“ம்” என்றேன்.

அந்த ஓரெழுத்தைத்தான் இன்றைக்கும் திரும்ப விழுங்க முடியவில்லை.

காயில் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எரிந்த மோட்டார் வந்தால் முதல் வேலை, பழைய காயிலின் தலையை வெட்டி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்வது. அதை எண்ணாமல் புதுக் காயில் கட்ட முடியாது. பழைய காயில் என்றால் வெட்டி எண்ணிவிட்டுப் பழைய செம்பு மூட்டையில் போடவேண்டிய சாமான், அதற்குமேல் அந்தக் கடையில் அதற்கு மதிப்பு கிடையாது. இது எனக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். அப்பா பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார், மேலே சுற்றியிருந்த நூலைப் பிரித்தார், பிளேடை எடுத்துக் காயிலின் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்தார்.

சலூன் தரையில் கிடக்கிற முடி மாதிரி செப்புக் கம்பி பொலபொலவென்று அவர் மடியில் கொட்டியது. அவர் ஊசியை வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணத் தொடங்கினார். நானூறு வரைக்கும் போனார். அதற்குள் ஒருவர் நீர்மூழ்கி மோட்டாரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார், எண்ணிக்கை விட்டுப்போயிற்று. திரும்பி வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“ஆயிரக்கணக்குல இருக்கும்போல இருக்கே. இவ்வளவு சன்னக் கம்பி நம்மகிட்ட ஏது?”

அவர் முகத்தில் முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. நான் மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு நழுவிவிட்டேன். வீட்டில் கிட்டாரின் ஓட்டையில் அந்த வெறும் மூடியை உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி வைத்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அக்காவிடம் சொல்லவேண்டாம் என்று அப்பாவிடம் கெஞ்சவில்லை, அவரே சேலத்தில் கம்பி வாங்கிச் சரிசெய்துவிடுவார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அது அக்காவின் கல்யாணம் நெருங்கியிருந்த நேரம். மாப்பிள்ளை வீடு பென்னாகரம். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் பூசையில் அறிவிப்பார். முதல் இரண்டு ஓலைக்கும் வெட்கப்பட்டுக்கொண்டு அக்கா வாசிக்கவில்லை, அந்த இடைவெளியில்தான் நான் பிக்கப்பைக் கழற்றியிருந்தேன். மூன்றாம் ஓலையன்று நற்கருணைப் பாட்டுக்குத் தானே வாசிப்பதாகப் பாடகர் குழுவில் சொல்லிவைத்திருந்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ ஞாயிறு வாசித்தாள், இதுவும் ஒரு ஞாயிறு.

சனிக்கிழமை காலை கிட்டாரை எடுத்து ஆம்ப்பில் செருகினாள். பிக்கப்பை மாற்றுகிற ஸ்விட்சைக் கழுத்துப் பக்கம் தள்ளி மீட்டினாள். சத்தமே இல்லை. வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். ஸ்விட்சை இப்படியும் அப்படியும் தள்ளினாள். பிறகு கிட்டாரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மூடியில் இருக்கிற ஆறு துளையிலும் காந்தம் தெரியவேண்டும். ஆறும் இருட்டாக இருந்தன. விரலால் அழுத்தினாள், மூடி உள்ளே விழுந்தது.

நான் வாசற்படியில் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். கைப்பக்கம்தான் புதுசு இருக்கிறதே, அதில் வாசித்தால் ஆயிற்று என்று சொல்லவும் செய்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. நான் சொன்னபடியே ஸ்விட்சைத் தள்ளி, நற்கருணைப் பாட்டின் முதல் வரியை அதில் வாசித்தாள். எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் அது மரம் அறுத்தது. பாதியில் கையை எடுத்துவிட்டாள். கிட்டாரைத் துணியால் துடைத்துப் பையில் போட்டு, ஜிப்பை மூடி, என் பக்கம் நகர்த்தினாள்.

“இனிமே நீயே வெச்சுக்க.”

நிஜமாகவா என்று கேட்டேன். நிஜமாகத்தான் என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்த் தோழியிடம் கிட்டார் முழுக்க எனக்கே வந்துவிட்டது என்று சொன்னேன். மறுநாள் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். பாடகர் குழு கீபோர்டை வைத்துப் பாடியது. அக்கா பெண்கள் வரிசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை அப்பா கடையைப் பூட்டிவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினார். இருப்பதிலேயே சன்னமான கம்பியென்று ஒரு உருண்டை வாங்கிவந்தார். அது காயிலில் இருந்ததைவிடத் தடிமனாக இருந்தது. அவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பேரில் ஒருவராவது முதுகில் நாலு வைத்திருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பத்து வருஷம் கழித்து ஓசூரில் வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் பழைய மாதிரியான ஒற்றைக் காயில் பிக்கப் ஒன்று வாங்கினேன். இந்தத் தடவை ஓம் பார்க்கவில்லை. நல்ல ஸ்பீக்கரில் கண்ணை மூடிக் கேட்டுக் கேட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமைச் சத்தத்துக்குப் பக்கத்தில் வருவதைத் தேடி எடுத்தேன். அப்பாவே கழுத்துப் பக்கத்தில் பற்றவைத்துக் கொடுத்தார். கிட்டாரை எடுத்துக்கொண்டு பென்னாகரத்துக்குப் போனேன். மாமியார்க்காரம்மாதான் முதலில், “வாசியேன், நாங்களும் கேட்டதில்லையே” என்றார். அக்கா சிரித்துக்கொண்டே மடியில் வாங்கினாள். கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டைப் பிடித்து மீட்டினாள். அதே சத்தம், மணி மாதிரி. இரண்டாவது கார்டுக்கு மாறும்போது வெடுக்கென்று கையை எடுத்து விரல்நுனியைப் பார்த்துக்கொண்டாள்.

“காய்ச்சுப்போயிருந்த எடமெல்லாம் மெத்துன்னு ஆயிடுச்சுடி. அழுத்துனா வலிக்குது.”

திரும்பக் கொடுத்துவிட்டாள். பஸ் ஏற்றிவிட வந்தபோதுதான் கேட்டேன், ஆறு மாதம் முடியாது என்றவள் அன்றைக்கு எப்படிச் சம்மதித்தாய் என்று.

“என்னப் பொண்ணு பாத்துட்டுப் போனாங்கல்ல, அன்னிக்குத்தான சொன்னேன்? கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் எதுக்குன்னு அவங்க சைடுல ஒருத்தர் கேட்டாரு, நம்ம வூட்டுலயும் தலையாட்டிட்டாங்க. எப்படியும் வுட்டுட்டுத்தான் போவணும், உனக்காவது ஆவட்டும்னு நெனச்சேன். கழுத்துப்பக்கத்த மட்டும் மூணாம் ஓலை வரைக்கும் வெச்சுக்கலாம்னு பாத்தேன்.”

அவர்கள் பெண் பார்க்க வந்தபோது நானும் அதே கூடத்தில்தான் இருந்தேன். கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காதில் ஹெட்செட்டோடு. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைய தேதிக்குப் பக்கத்தில், சிவப்பு மையில், அக்காவைப் பேசியே மடக்கிவிட்டேன் என்று எழுதி இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.