குங்குமத்துக்குக் கீழே 2068

குஜராத்தின் மோர்பி நகரில் சுவர்க் கடிகாரம் செய்யும் கம்பெனி ஒன்றில் சம்பா மக்வானா பதினான்கு வருடம் கணக்கு எழுதினாள். பில் போடுவது, வரி கட்டுவது, வங்கிக்குப் பதில் சொல்வது எல்லாம் அவள் கையால்தான் நடக்கும். தீபாவளி அன்று மட்டும் முதலாளி திரிகம்லால் சேட் மூன்று மணிக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சாயங்காலம் கணக்குப் புத்தகங்களுக்குப் பூஜை. அந்த வேளையில் தாழ்த்தப்பட்ட வண்கர் சாதி வீட்டுப் பெண் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது. காலையில் அதே புத்தகத்தில் அவள் கை பட்டிருந்தது யாருக்கும் நினைவு வராது. தண்ணீர்ப் பானை அருகே அவளுக்கென்று தனியாக ஒரு டம்ளரும் உண்டு. தீட்டு என்பது வேலை முடிந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வரும் போலிருக்கிறது.

அந்த வருடம், 2011இல், தீபாவளி கழிந்து ஐந்தாம் நாளான லாப பஞ்சமி அன்று கம்பெனி மறுபடி திறந்தது. தீபாவளிக்கு மறுநாள் பிறந்த குஜராத்திப் புது வருடத்தின் முதல் பில், நல்ல நேரமான பத்து இருபதுக்கு, மகாராஷ்டிரத்தின் சாங்லியில் இருக்கும் கடிகாரக் கடைக்கு மெயிலில் போக வேண்டும். சம்பா பொத்தானை அழுத்தினாள். போகவில்லை.

"பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை" என்றது கணக்கு மென்பொருள்.

"என்ன பென், வருஷத்தோட முதல் பில்லே இப்படி மக்கர் பண்ணுது! நீ காலையில யார் முகத்துல முழிச்ச?" என்றார் சேட். பென் என்றால் அங்கே சகோதரி.

"கண்ணாடியிலதான் சேட்."

சேட் முறைத்துவிட்டு, மச்சு ஆற்றங்கரைக் கோவிலுக்குக் கிளம்பிப் போனார். நல்ல நேரம் போனதில் அவருக்குத்தான் வருத்தம். சம்பாவின் வருத்தம் வேறு.

பில்லின் அடியில் குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. நான்கு வருடத்துக்கு முன்பு அதில் அவள், "பெண்டுலம் வைத்தவை இருபது. வழியில் பத்திரம்" என்று எழுதினாள். சாங்லிக் கடையின் கணக்கர் திகம்பர் லோக்கண்டே பதில் போட்டார். "இரண்டு உடைந்துவிட்டன. மற்ற பதினெட்டும் ஒரே நேரத்தில் மணி அடித்து எங்கள் முதலாளியைத் தூக்கத்திலிருந்து எழுப்பின." சம்பா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு சாங்லிக்குப் போன எந்த பில்லும் வெறும் பில்லாகப் போகவில்லை. இங்கே ஆற்றில் தண்ணீர் வந்தது போனது. அங்கே மழை பெய்தது, மஞ்சள் விலை ஏறியது. ஒரு பில்லுக்கு ஒரு வரி, அதற்கு ஒரு வரி பதில். அவர் தன் பெயரைப் போடுவார். இவள் 'கணக்குப் பிரிவு' என்றே முடிப்பாள். மக்வானா என்று எழுதினால் படிப்பவர் என்ன சாதிக் கணக்குப் போடுவார் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு தம்பிகளைப் படிக்கவைத்து, முப்பத்தெட்டு வயதாகியும் தனியாக இருக்கும் அவளை, கணக்குப் போடாமல் பார்த்த ஒரே ஆள் அவளைப் பார்த்ததே இல்லை.

தீபாவளிக்கு முன்னால் வந்த வரி வழக்கத்தைவிட நீளம். "லாப பஞ்சமி சாயங்காலம் ஆறு மணியோடு இங்கே என் வேலை முடிகிறது. நாசிக் போகிறேன். இந்த மெயில் முகவரி கடைக்குச் சொந்தம். போவதற்குள் உங்கள் பெயரைத் தெரிந்துகொள்ளலாமா?"

ஐந்து நாள் விடுமுறையில் அவள் முடிவு செய்திருந்தாள். காலையில் வந்ததும் அந்தக் கட்டத்தில் முழுப் பெயரையும் தன் கைபேசி எண்ணையும் எழுதினாள். அந்த பில்தான் போக மறுத்தது. மெயில் பெட்டியைத் திறந்து தனியாக அனுப்பிப் பார்த்தாள். அதுவும் நகரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு சாங்லிக் கடைக்கே போன் போட்டாள். எடுத்தது முதலாளி.

"யாரு?"

"மோர்பி கம்பெனியிலருந்து. லோக்கண்டே சார் இருக்காரா?"

"வெளிய போயிருக்கான். என்ன விஷயம், எங்கிட்ட சொல்லும்மா."

முதலாளியிடம் சொல்லக்கூடிய விஷயமா அது? "பில் அனுப்பறோம்னு சொல்லத்தான்" என்று வைத்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஹிரேன் விடுமுறையில் துவாரகையில் இருந்தான். போனிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டான். இணையம் வருகிறதா, கடவுச்சொல் மாறியதா, அனுப்பும் சர்வரின் எண் சரியா, வைரஸ் தடுப்பு குறுக்கே நிற்கிறதா. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். எதிலும் குற்றம் இல்லை. மணி நாலரை ஆகிவிட்டது.

"சம்பாபென், சேட் மெஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டலையே?"

"கட்டியிருக்கார்."

"அதான் வைரஸ் உள்ள வரல. சரி, ஓரத்துல தேதி என்ன காட்டுது?"

"தெரியல. அது குங்குமத்துக்குக் கீழ இருக்கு."

"என்னது?"

"பூஜையில திரை மூலையில குங்குமமும் அரிசியும் அப்பியிருக்காங்க. பௌர்ணமிக்கு வர்ற தேவ தீபாவளி வரைக்கும் யாரும் துடைக்கக் கூடாதுன்னு சேட் உத்தரவு."

"துடைங்க பென்."

சம்பா ஒரு கணம் தயங்கினாள். நான் துடைத்தால் என்ன பேசுவார்கள் என்று நினைத்தாள். பிறகு சாங்லியில் இப்போது மேசையைக் காலி செய்துகொண்டிருக்கும் ஒருவரை நினைத்தாள். முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அரிசி உதிர்ந்தது. நாள் சரி, மாதம் சரி. வருடம் 2068.

விக்ரம வருடம், குஜராத்திப் பஞ்சாங்கக் கணக்கு! புது வருடம் பிறந்த பூரிப்பில் சேட் சிவப்புக் கணக்குப் புத்தகத்தில் எழுதியதோடு நிற்காமல், கம்ப்யூட்டர் கடிகாரத்தையும் தன் பஞ்சாங்கத்துக்கு மாற்றிவிட்டார். நாட்டுக்கே நேரம் காட்டும் கடிகார முதலாளி!

ஹிரேன் விழுந்து விழுந்து சிரித்தான். "பென், உங்க மெஷினுக்கு இப்ப நீங்க தொண்ணூத்தஞ்சு வயசுக் கிழவி! அந்தப் பக்கத்து சர்வர் காட்டற முத்திரைக்கு ஒரு கெடு தேதி இருக்கு. இது அதைப் பாத்துட்டு, உன் கெடு எப்பவோ முடிஞ்சு போச்சு, உன்னை நம்பமாட்டேன்னு கதவைச் சாத்துது. வருஷத்தை மாத்துங்க, போயிடும்."

மாற்றினாள். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு பில் போனது.

சம்பா காத்திருந்தாள். சுவரில் விற்பனைக்கு மாட்டியிருந்த கடிகாரங்கள் எல்லாம் ஆறு அடித்தன. பதில் வரவில்லை. ஆறேகாலுக்குச் சேட்தான் வந்தார்.

"குங்குமத்தை அழிச்சது யாரு?"

"நான்தான் சேட்."

"நீயா! உன்னை யாரு அதைத் தொடச் சொன்னா?"

"வருஷம் பூரா நான்தானே தொடறேன். தீபாவளிக்கு மட்டும் என் கையில என்ன ஒட்டிக்குது?"

சேட் திரையை எட்டிப் பார்த்தார். "மெயில் போச்சா?"

"போச்சு."

"அப்பச் சரி" என்று உள்ளே போய்விட்டார்.

அடுத்த தீபாவளிக்கு மூன்று மணிக்கு அவர் "நீ கிளம்பு பென்" என்றபோது, "கணக்கை முடிச்சுட்டுப் போறேன்" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். பூஜை அவள் எதிரிலேயே நடந்தது. புத்தகம் எதுவும் தீப்பிடித்து எரியவில்லை. அந்தத் தனி டம்ளரை அவளே குப்பையில் போட்டாள். ஆனாலும் அவள் ஏங்கியது இதற்கல்ல.

இல்லாத முகவரிக்குப் போன மெயில் திரும்பி வந்துவிடும். அது திரும்பி வரவில்லை. சாங்லியில் யாரோ ஒருவரின் பெட்டியில் அது விழுந்திருக்கிறது. ஆறு மணிக்கு முன்பா பின்பா, படித்தது அவரா முதலாளியா, படித்து அவரும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாரா, அது அவளுக்குத் தெரியாது.

சம்பாவுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கம்பெனி மாறிவிட்டாள், வீடு மாறிவிட்டாள். கைபேசியை நான்கு முறை மாற்றியும் எண்ணை மட்டும் மாற்றவில்லை. மகாராஷ்டிரத்திலிருந்து தெரியாத எண்ணில் அழைப்பு வந்தால், கடன் வேண்டுமா என்று கேட்பவர்களாகத்தான் இருக்கும் என்று தம்பிகள் சொல்வார்கள். அவள் ஒன்றையும் விடமாட்டாள். எடுத்ததும் யார் என்று கேட்கவும் மாட்டாள்.

"சம்பா மக்வானா பேசறேன்" என்பாள், அந்தப் பக்கம் வாய் திறக்கும் முன்பே.