கதவுக்கு அந்தப் பக்கம் என் மனைவி

நானும் என் மனைவியும் ஒரே நாளில், ஒரே மடிக்கணினியில், ஒரே வேலைக்குத் தேர்வு எழுதினோம். காலையில் அவள், மதியம் நான். பெங்களூரில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனம் அது. திருட்டுப் பணம் கைமாறுவதையும், ஏமாற்றுக்காரர்கள் அடுத்தவர் கணக்கைத் துடைத்தெடுப்பதையும் கண்டுபிடிக்கிற மென்பொருளை வங்கிகளுக்குச் செய்து கொடுக்கிறார்கள். அந்த மென்பொருள் எதையெல்லாம் சந்தேகப்படுகிறதோ அதையெல்லாம் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்து, இது குற்றமா, சாதாரணக் கொடுக்கல் வாங்கலா என்று சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றிருந்தார்கள்.

நான் கணிதப் பட்டதாரி. எங்கள் மலை ஊரில் கல்லூரி முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அந்த விரல்களில் ஒன்று நான் என்ற மிதப்பு எனக்கு உண்டு. அவள் ஆலங்காயத்துப் பெண், வணிகவியல் படித்தவள். தேர்வை முடித்து வெளியே வந்து, "சுலபமாத்தான் இருந்துது" என்றேன். அவள் முகத்தைச் சுருக்கி, "எனக்கு பாதி சந்தேகமாத்தான் இருக்குது" என்றாள்.

வேலை அவளுக்குக் கிடைத்தது.

எனக்கு ஏற்கெனவே ஒரு குட்டியானை வண்டி இருந்தது. சாமையும் புளியும் ஏற்றிக்கொண்டு ஆலங்காயத்துக்கும் செங்கத்துக்கும் ஓட்டுவேன். பேருந்து கிடைக்காதவர்கள் பின்னால் மூட்டைகளோடு ஏறிக்கொள்வார்கள். நல்ல தொழில்தான். ஆனால் அவளுக்கு அந்த மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ தண்டனை போலத் தோன்றியது. எந்தக் கேள்வியில் தவறினேன் என்று மலைப்பாதையின் வளைவுகள் முழுக்க யோசித்துக்கொண்டே இறங்குவேன்.

வேலை தொடங்கியதும் ஒரு விதி வந்தது. அவள் வேலை பார்க்கும்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. அவளுடைய கைபேசிகூட வெளியே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கதவு வைத்த அறை ஒன்றே ஒன்றுதான். ஆக, என் வீட்டில், நான் பூசிய சுவருக்குள், நான் போகக் கூடாத இடம் ஒன்று உண்டாயிற்று. இன்வெர்ட்டர் பேட்டரியைத் தோளில் சுமந்து கொண்டுவந்து அந்த அறைக்கு வெளியே வைத்தவனும் நான்தான்.

"இன்னா பாக்குற உள்ள?" என்று முதல் வாரமே கேட்டேன்.

"சொல்லக் கூடாதுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"எங்கிட்டகூடவா?"

"யாருகிட்டயும்தான்."

அந்த 'யாரு'வில் நானும் ஒருவன் என்பதை விழுங்க எனக்கு வெகுநாள் பிடித்தது.

அப்புறம் அந்தக் குரல். அவளுடைய குழுத் தலைவன். அவள் காதில் மாட்டியிருக்கும் கருவியில் அவன் பேசுவது எனக்குக் கேட்காது. அவள் சிரிப்பது மட்டும் கேட்கும். நான் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பேன், உள்ளேயிருந்து அந்தச் சிரிப்பு வரும். நான் என்ன சொன்னாலும் அவள் அப்படிச் சிரித்ததில்லை என்று தோன்றும். ராத்திரிச் சாப்பாட்டில் ஏதாவது வேடிக்கை சொல்லிப் பார்ப்பேன். அவள் அசதியோடு புன்னகைப்பாள். அந்தப் புன்னகையை அந்தச் சிரிப்போடு வைத்து எடை போடுவேன்.

ஒருநாள் செங்கத்திலிருந்து திரும்பி வந்தபோது அறைக் கதவு திறந்திருந்தது. அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பதறிப்போய், அவள் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றென்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினாள். மெல்ல மெல்லச் சொன்னாள், ஊர் பேர் எதுவும் இல்லாமல். ஒரு ஓய்வூதியக்காரர். பால், மருந்து, மின்சாரம் என்று மாதாமாதம் அளந்து செலவழித்த கணக்கு. திடீரென்று இருப்பதெல்லாம் முன்பின் தெரியாத கணக்குகளுக்குப் போக ஆரம்பித்திருக்கிறது. யாரோ மிரட்டியோ ஆசை காட்டியோ பிடுங்கியிருக்கிறார்கள். இவள் பார்த்துச் சொல்லி, வங்கி மிச்சத்தை நிறுத்திவிட்டது. போனது போனதுதான்.

"ஒரு நாள் முன்னாடி பாத்திருந்தா எல்லாத்தையும் காப்பாத்தியிருக்கலாம்ங்க" என்று மறுபடி அழுதாள்.

"யாரு அவரு?"

"தெரியாது. எங்களுக்குப் பேரு காட்ட மாட்டாங்க. நம்பர்தான்."

போன மழைக்காலத்தில் மலைப்பாதையில் என் வண்டி கவிழ்ந்து, நெற்றியில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தேன். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. துணியைக் கிழித்துக் கட்டினாள், பக்கத்து வீட்டு பைக்கில் என்னை ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினாள், மூட்டைகளைப் பொறுக்க ஆள் கூட்டிக்கொண்டு போனாள். அதைத்தான் அந்த நேரத்தில் நினைத்தேன். ஒரு நம்பருக்காக அழுகிறாளே என்று நினைத்தேன். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தபடியே நினைத்தேன்.

கொஞ்ச நாளில் அந்தக் குழுத் தலைவனே மலைக்கு வருவதாகச் செய்தி வந்தது. விடுமுறையாம். அருவி பார்க்க வேண்டுமாம். "நம்ம வூட்டுல ஒரு வேளை சாப்புடச் சொல்லியிருக்கேன்" என்றாள். சரி என்றேன். இருந்த சேவல்களில் நல்லதைப் பிடித்து நானே அறுத்து, நானே குழம்பு வைத்தேன். அவளை அடுப்புப் பக்கம் விடவில்லை.

அவன் நான் பயந்த மாதிரியே இருந்தான். என்னைவிட இளையவன், உயரம், நல்ல பல்வரிசை. கோயம்புத்தூர்க்காரன். வாய் நிறைய "அண்ணா, அண்ணா" என்றான். சாமைச் சோற்றை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். குறை சொல்ல ஒன்றாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டே பரிமாறினேன்.

மதியம் பீமன் அருவிக்கு என் வண்டியில் கூட்டிப்போனேன். அவளுக்கு வேலை நேரம், வரவில்லை. தண்ணீர் குறைவாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தவன் என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"அண்ணா, அவங்க வூட்டுலயும் இப்படித்தானுங்களா? எதையும் விட மாட்டாங்களா?"

"இன்னா விசயம்?"

"ஒரு பெரியவரோட கணக்கு. மொதல்ல எங்கிட்டத்தான் வந்துச்சு. சாதாரணந்தான்னு மூடிட்டேன். அவங்க அடுத்த நாள் வேற எதையோ தேடறப்போ அதப் பார்த்து மறுபடி தொறந்தாங்க." காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டான். "புதுசா ஒரு பெரிய குழு ஆரம்பிக்கறாங்க. தலைமைக்கு அவங்களத்தான் போடப்போறாங்க. அவங்களுக்கே இன்னும் தெரியாது. நான் ரொம்ப நாளா எதிர்பார்த்த எடமுங்ணா அது."

நான் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் எறிந்தேன்.

"அவங்க மேல தப்பே இல்லீங்ணா. நல்லா செய்யறாங்க. அதனாலதான் எனக்குத் தூக்கம் வர்றதில்ல. இந்த மலையில உக்காந்துட்டு எப்படி முடியுதுன்னு பார்த்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அவன் முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்யும்போது கண்ணாடியில் நான் தினம் பார்க்கிற முகம். இத்தனை மாதம் யாரை நினைத்து நான் வெந்துகொண்டிருந்தேனோ, அவன் என் மனைவியை நினைத்து வெந்துகொண்டிருக்கிறான். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். உடனே ஒரு கோபமும் வந்தது. அவளைப் பார்த்து வயிறெரிய இவன் யார்?

"அவ கெட்டிக்காரிங்க" என்றேன். "நானும் அந்தப் பரீட்ச எழுதினவன்தான். தேறல."

அவன் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆலங்காயத்தில் வாணியம்பாடிப் பேருந்தில் அவனை ஏற்றிவிட்டபோது என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினான்.

வீட்டுக்கு வந்தேன். "இன்னா பேசிக்கிட்டீங்க?" என்று அவள் கேட்டாள்.

"சும்மா, ஊர்க்கத" என்றேன்.

அவளுக்குத் தெரியாத அவளுடைய செய்தி என்னிடம் இருந்தது. முதல் நாள் அது இனித்தது. அவள் சாதாரணமாக வெங்காயம் நறுக்கும்போது உள்ளுக்குள் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் அது கனக்க ஆரம்பித்தது. இன்னொருவர் நம்பிச் சொன்னதை, பக்கத்தில் படுத்திருப்பவளிடமே சொல்லாமல் வைத்திருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அந்த அறையிலிருந்து ஒவ்வொரு நாளும் இதைவிடப் பெரிய சுமையோடுதான் அவள் வெளியே வருகிறாள் என்று அப்போது தோன்றியது.

செய்தி வந்த அன்று கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து சொன்னாள். நான் ஆச்சரியப்பட்டுக் காட்டினேன். எனக்கு நடிக்க வராது.

"உங்களுக்கு முன்னமே தெரியும்" என்றாள்.

"அவருதான் சொன்னாரு. சொல்ல வேணாம்னு இருந்தேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "சந்தோசமா இல்லியா?" என்றாள்.

"சந்தோசந்தான். பொறாமையும் இருக்குது."

வாய் தவறித்தான் வந்தது. வந்த பிறகு திரும்பப் பெற முடியவில்லை.

"தெரியும்" என்றாள். "ரிசல்ட் வந்த அன்னிலேர்ந்தே தெரியும். நீங்களே சொல்லட்டும்னுதான் இருந்தேன். மறுபடி ஆள் எடுக்கிறாங்க, எழுதிப் பாக்குறீங்களா?"

"உன் கீழ வேல செய்யவா?"

"ஏன், இப்ப மட்டும் இன்னா?" என்று சிரித்தாள். அந்த அறைக்குள்ளிருந்து கேட்கும் அதே சிரிப்பு. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் தேர்வு எழுதவில்லை. யோசித்துப் பார்த்தால், நாள் முழுக்க ஒரே நாற்காலியில் என்னால் இருக்க முடியாது. வளைவுகளில் வண்டியைத் திருப்பும்போது கிடைக்கும் சுகத்தை நான் இதுவரை சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தக் கோயம்புத்தூர்க்காரன் சில மாதங்களில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டான். அவன் விடைபெற்ற அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "வேல கத்துக் குடுத்தவருங்க" என்றாள். எனக்கு அந்தத் துக்கத்தின் மேலும் எரிச்சல் வந்தது. இந்த முறை உள்ளே வைத்துப் புழுங்காமல் அவளிடமே சொன்னேன்.

"வருமே" என்றாள் அவள், பூண்டு உரித்துக்கொண்டே. "வந்து ஒக்காந்து இத்த உரிங்க."