கதவுக்குப் பின்னால் தொங்கிய அட்டை

எங்கள் பக்கம் எந்த வீட்டுக்குள் போனாலும் வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் அட்டை ஆணியில் தொங்கும். சுகாதாரத் துறை கொடுத்த அட்டை. வாரம் ஒருமுறை கொசுப்புழு பார்க்க வருகிற ஆள் அதில் தேதி போட்டு, எந்தெந்தப் பாத்திரத்தைப் பார்த்தார், புழு இருந்ததா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று கிராமங்களில் ஆறு வருடம் அந்தக் கையெழுத்தைப் போட்டவன் நான். மஸ்தூர் என்று எங்களைச் சொல்வார்கள். தற்காலிக வேலைதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு ஒரு தொப்பி, ஒரு டார்ச் லைட், ஒரு மருந்து பாட்டில் கொடுத்து, வீட்டுக்குள் தைரியமாகப் போய்க் கேள்வி கேள் என்றார்கள். கேள்வி கேட்பது எனக்கு வராது. டார்ச் அடித்துப் பார்ப்பேன், மருந்து ஊற்றுவேன், எழுதிவிட்டு வந்துவிடுவேன்.

சொல்ல வேண்டியது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது இரண்டே வாக்கியம். தண்ணீரை மூடி வையுங்கள். ஏழு நாளுக்கு மேல் எந்தத் தண்ணீரையும் வைக்காதீர்கள். முட்டை புழுவாகி, புழு கொசுவாகப் பறக்க அவ்வளவு நாள்தான் ஆகுமாம். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு தடவை வரும். ஒன்பது நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீரை ஏழாம் நாள் கொட்டிவிட்டு, மீதி இரண்டு நாளும் எதைக் குடிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, ஆறு வருடமும் அதே இரண்டு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்ட பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விடுவார்கள். என் மேல் இரக்கப்பட்டுத்தான் சண்டை போடவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

நாங்கள் செய்த ஏமாற்று வேலையையும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஐந்து போட்டோ எடுத்து அலுவலகத்துக்குப் போனில் அனுப்ப வேண்டும். புழு உள்ள தண்ணீரைக் கவிழ்க்கிற மாதிரி இருக்க வேண்டும். மழை பெய்த மாதத்தில் டயர், சிரட்டை, உடைந்த பக்கெட் என்று ஏதாவது கிடைக்கும். பங்குனி, சித்திரையில் எங்கே போவது? கண்மாயே வெடித்துக் கிடக்கும். அதனால் கருவேல மரத்தடியில் ஒரு வாயுடைந்த சட்டியை வைத்திருந்தோம். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கவிழ்த்து, ஐந்து பக்கமிருந்து ஐந்து படம் எடுத்து அனுப்புவோம். மேலே இருந்து கை கூப்பிய பொம்மை பதிலாக வரும்.

"இந்தச் சட்டிக்கு ஒரு ஆதார் கார்டு எடுத்துருவோம்ணே, நம்மளவிட கூட போட்டோவுல இருக்கு" என்பான் கூட வேலை பார்த்தவன்.

அட்டையும் அப்படித்தான். மூன்று ஊருக்கும் வெயிலில் சைக்கிள் மிதிக்க முடியாமல், மாதத்தின் முதல் வாரத்திலேயே நான்கு வாரத்துக்கும் தேதியைப் போட்டு, நான்கிலும் 'இல்லை' என்று எழுதிவிடுவோம். நான் பார்த்த வரைக்கும் மஸ்தூர் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், வெயில் காலத்தில், பக்கத்து ஊரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து ராமநாதபுரத்தில் சேர்த்தார்கள். டெங்கு என்று சொன்னார்கள். மறுநாள் புதன்கிழமை, எங்கள் ஊரில் அட்டை எழுத வேண்டிய நாள். நான் எங்கள் ஊரில் வேலையாக இருந்தபோது ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். புதிதாக மாற்றலாகி வந்தவர், வெளி மாவட்டத்துக்காரர்.

"சட்டி, டயரெல்லாம் வேண்டாம்ப்பா. வீட்டுல தண்ணி வைக்கிற டிரம் வேணும். மேல கேட்கிறாங்க" என்றார்.

ஜீப் போகக்கூடிய தெரு ஒன்றுதான். அதில் முதல் வீடு ஒரு பெண்ணுடையது. அவள் மாட்டிக்கொண்டதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அவள் கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தான். அவள் இங்கே பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைத்தாள். அவளுடைய மகளும் அதே பள்ளியில் மூன்றாவது படித்தாள். விடிகிற நேரத்தில் போய் உப்புமாவோ கிச்சடியோ கிண்டி, பிள்ளைகளுக்குப் போட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தால், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊருணிக்குப் போவாள். பெரியபட்டினத்து மீன் வியாபாரியிடம் வாங்கிய நீல டிரம் ஒன்று அவள் வாசலில் இருந்தது. மீன் வாடை போக எத்தனை நாள் தேய்த்தாள் என்று எனக்குத் தெரியும். வெள்ளை வேட்டித் துணியை வாயில் இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் பலகை வைத்திருப்பாள். நான் சொன்ன இரண்டு வாக்கியத்தில் ஒன்றை ஒழுங்காகக் கடைப்பிடித்த வீடுகளில் அதுவும் ஒன்று.

அதிகாரி துணியை அவிழ்க்கச் சொன்னார். டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. இரண்டு நாள் வண்டி தள்ளிய தண்ணீர். அவர் குனிந்து பார்த்தார்.

"அடியில நெளியுதே."

"அது வண்டல் சார்" என்றாள் அவள். "ஊருணித் தண்ணி செங்கலங்கலா இருக்கும். தேத்தாங்கொட்டைய உரசிக் கலக்கிவிட்டுருக்கேன். அழுக்கு அடியில உக்காந்துரும். டிரம்ம ஆட்டுனா அப்படித்தான் தெரியும்."

"என்ன கொட்டை?"

அவருக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் தேத்தாங்கொட்டை இல்லாத சமையல்கட்டு குறைவு. கல்லில் நாலு உரசு உரசித் தண்ணீரில் கலக்கினால் கொஞ்ச நேரத்தில் மேல்தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். அதை அவருக்கு விளக்க ஒரு நிமிடம் போதும். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா. புழுதானே?"

நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். புழு இல்லை. நன்றாகத் தெரிந்தது. 'இல்லை' என்ற அந்தச் சொல்லை ஆறு வருடம் ஆயிரக்கணக்கான தடவை எழுதியிருக்கிறேன். வாயால் ஒரு தடவை சொல்ல வரவில்லை. "பாக்கணும் சார்" என்றேன்.

"பாத்தாச்சு. கவிழ்த்துடுங்க."

நானும் கூட இருந்தவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். "மெதுவா, மெதுவா. அம்மா, நீங்க பக்கத்துல நில்லுங்க. முகம் தெரியட்டும்" என்று அதிகாரி போனைத் தூக்கிப் பிடித்தார். ஏதோ கணக்கெடுப்பு என்று நினைத்து அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நின்றாள். டிரம் சாய்ந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. ஓடிப் போய் ஒரு குடத்தை எடுத்து வந்து வாயைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்தாள். பாதிக் குடம் நிறைந்தது.

"அதையும்மா" என்றார் அதிகாரி.

அதையும் கொட்டினோம். காய்ந்து கிடந்த மண் அது. ஜீப் தெரு முனையைத் தாண்டுவதற்குள் ஈரம் கூடத் தெரியவில்லை.

அத்தோடு விட்டிருந்தால்கூட ஊர் மறந்திருக்கும். மூன்றாம் நாள் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஊராட்சி அலுவலகத்துச் சுவரிலும் பள்ளிக்கூட கேட்டிலும் ஒட்டினார்கள். 'இப்படித் தண்ணீர் வைத்தால் டெங்கு வரும்' என்று மேலே சிவப்பு எழுத்து. நடுவில் அவள் முகம். தலைமுடியை ஒதுக்கிவிட்டு, லேசாகச் சிரித்த மாதிரி நிற்கிறாள். டிரம்மைப் பிடித்த என் கைகள் இரண்டும் படத்தில் இருந்தன. என் முகத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள். ஒன்பது நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் திறந்துவிடுகிறவர்களின் முகத்தை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. அந்தத் தண்ணீரைக் காப்பாற்றி வைத்தவளின் முகம்தான் சுவருக்குத் தேவைப்பட்டது.

மறுவாரத் தொடக்கத்திலேயே பெற்றோர் சிலர் பிள்ளைகளைக் காலைச் சாப்பாட்டுக்கு அனுப்பவில்லை. வேறு ஆளைச் சமைக்கப் போடுவதா என்று முடிவு செய்ய வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளியில் கூட்டம் என்றார்கள். அதற்கு முதல் நாள் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணே, நான் ஒண்ணும் கேக்கல. டிரம்முல புழு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். நாளைக்கு வந்து அத மட்டும் சொல்லுங்க."

"வாரேன் தாயி" என்றேன். அதற்கு முந்தைய நாள் புதன்கிழமை, நான் அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை. வரவேண்டிய நாளில் வராமல் ஒளிந்தவனைத் தேடி அவள்தான் வந்தாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பறையில் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் மடங்க எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன்.

"புழு நெளிஞ்ச தண்ணியில கிண்டுன உப்புமாவையா எங்க பிள்ளைக திங்கணும்?" என்றார் ஒரு தகப்பன்.

"பள்ளிக்கூடத்துச் சமையலுக்குப் பள்ளிக்கூடத்துத் தொட்டித் தண்ணிண்ணே. எங்க வீட்டுத் தண்ணிய இங்கன யாரு கொண்டுவந்தா?" என்றாள் அவள்.

"வீட்டுல சுத்தம் இருந்தாத்தானே இங்கனயும் இருக்கும்?"

அவள் பையிலிருந்து அந்த மஞ்சள் அட்டையை எடுத்துத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தாள். "இது வாரா வாரம் இவுகளே எழுதுனது டீச்சர். வாசிச்சுக் காட்டுங்க."

டீச்சர் வாசித்தார். "ஆறு மாசமாப் புழு இல்லைன்னுதான் இருக்கு. படம் எடுத்த புதன்கிழமைக்கும் இல்லைன்னுதான் இருக்கு" என்றார். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பிறகு டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன? வர்ற புதன்கிழமைக்கும் இப்பவே இல்லைன்னு எழுதியிருக்கு?"

ஒரு நொடி கழித்து எல்லோரும் சிரித்தார்கள். "ஏலே, கொசுகிட்டயே முன்கூட்டி விசாரிச்சு எழுதிருப்பாருலே" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்த அட்டை. என் சோம்பேறித்தனம் அதையும் தின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. என்ன இது என்று புரியாமல் பார்த்தாள்.

நான் கூட்டத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. என்ன சொன்னேன் என்பதைவிட, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

"அட்டை பொய்தான். நான்தான் எழுதுனேன். நாலு வாரத்துக்கும் ஒரே நாள்ல எழுதிருவேன். அது மாதிரி அந்தப் படமும் பொய்தான். அந்த டிரம்மையும் நான்தான் கவுத்தேன். கவுக்கறதுக்கு முன்னால டார்ச் அடிச்சுப் பாத்தேன். புழு இல்ல. தேத்தாங்கொட்டை வண்டல்தான் கிடந்துச்சு. படம் வேணும்னாங்க, கவுத்தேன்."

"இப்ப மட்டும் நீங்க நெசம் சொல்றீகன்னு எப்படிண்ணே நம்புறது?" என்றார் முன்பு பேசிய தகப்பன். நியாயமான கேள்விதான்.

என் போனை எடுத்து டீச்சரிடம் கொடுத்தேன். நான் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். மாசி மாதம் சட்டி. பங்குனி மாதம் அதே சட்டி. வாயில் அதே உடைசல், பின்னால் அதே கருவேல மரம். டீச்சர் தள்ளிக்கொண்டே போனார். பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"எங்களுக்கு வேண்டியது படந்தான் டீச்சர். தண்ணி இல்ல" என்றேன்.

அவளே சமைக்கட்டும் என்று முடிவானது. டீச்சர் வெளியே போய், பள்ளி கேட்டில் இருந்த படத்தைத் தன் கையால் கிழித்தார். ஊராட்சிச் சுவரில் இருந்த படத்தைக் கிழிக்க யாருக்கும் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை. அது வெயிலில் வெளுத்து, சிவப்பு எழுத்து முதலில் போய், அவள் சிரிப்பு கடைசியாகப் போனது.

அடுத்த வாரம் அலுவலகத்தில் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றார்கள். அட்டையில் முன்கூட்டியே எழுதியது குற்றமாம். குற்றம்தான். வாதாட என்ன இருக்கிறது? ஆனால் சட்டிப் படத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த டிரம்மைப் பற்றியும் கேட்கவில்லை. புதிதாக வந்த மஸ்தூருக்கும் தினம் ஐந்து படம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் வராமல் பார்க்கத்தான் இந்த வேலை. நல்ல வேலை. ஒழுங்காகச் செய்தால் உயிரைக் காப்பாற்றுகிற வேலை. அதைப் படம் பிடிக்கிற வேலையாக்கிவிட்டார்கள். நானும் சேர்ந்துதான் ஆக்கினேன்.

சில நாள் கழித்து நான் ஊருணியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தபோது அவளும் வண்டியோடு வந்தாள். நன்றி சொல்வாளோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் குனிந்து தண்ணீர் மொண்டுகொண்டே சொன்னாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா அந்தத் தண்ணியாச்சும் மிஞ்சியிருக்கும்ணே."

அவளுடைய வண்டியில் குடங்களை ஏற்றிவிட்டு, மேட்டில் ஏறும் வரைக்கும் பின்னாலிருந்து தள்ளினேன். குழாயில் தண்ணீர் வர இன்னும் நான்கு நாள் இருந்தது.