குக்கரில் நாலு விசில் வைத்த வடிகட்டி

மருத்துவமனையில் அறுவைக் கருவிகளை ஆவியில் வைத்துக் கிருமி நீக்குகிற வேலை அவளுக்கு. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. எங்கள் மாடிக் குடியிருப்பில் அவளைப் பளிச்சம்மா என்றால்தான் தெரியும். அவள் துடைத்து வைத்த ஜன்னல் கண்ணாடியில் ஒருநாள் ஒரு ஈ மோதி விழுந்து, மயக்கம் தெளிந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது. நம்பாதவர்கள் அந்த ஈயையே விசாரித்துக்கொள்ளலாம்.

அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பிறர் ஓட்டுவார்கள்; இவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்திருப்பார். வீட்டுக்கு வந்தாலும் அதே உத்தியோகம்தான், பிரேக்குக்குப் பதில் முக்காலி.

கூடத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு உப்புநீர்த் தொட்டி. அதில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு. மகள் எட்டு வருஷம் வளர்த்தவை. கல்யாணமாகி வெளியூர் போகும்போது அம்மா கையில் ஒப்படைத்துவிட்டுப் போனாள். ஞாயிறு தவறாமல் வீடியோவில் கூப்பிடுவாள். முதலில் மீன்களை நலம் விசாரிப்பாள், நேரம் மிஞ்சினால் பெற்றவர்களை.

தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் ஒரு வடிகட்டிப் பெட்டி. அதில் இரண்டு வலைப்பை நிறையப் பீங்கான் வளையங்கள். அவற்றின் மேல் பழுப்பாக வழுவழுப்பு படிந்திருக்கும். பளிச்சம்மாவுக்கு அதைப் பார்த்தால் சோறு இறங்காது. இந்த ஒற்றைப் பெட்டி போதாது என்று முடிவு கட்டி, காகிதத்தில் படம் போட்டாள். தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் துணி உறையில் வடிய வேண்டும். அடுத்து ஸ்கிம்மர்; அது காற்றுக் குமிழி விட்டுக் கலக்கி, அழுக்கை நுரையாகத் திரட்டி மேல் கிண்ணத்தில் தள்ளும். அப்புறம் கரிப் பை, வளையங்கள், கடைசியில் கிருமி கொல்லும் விளக்கு. ஆபரேஷன் தியேட்டருக்குக்கூட இத்தனை காவல் கிடையாது.

எல்லாம் வந்து சேர்ந்த திங்கட்கிழமை, புதுசோடு பழசை அழுக்காகவா சேர்ப்பது என்று தோன்றிவிட்டது. தொட்டித் தண்ணீரை வாளிகளில் இறைத்து, மீன்களை ஒன்றில் விட்டுவிட்டு மணலை அலசினாள். பாறைகளைக் குழாயடியில் வைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தாள். முதல் பை வளையங்களைக் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டாள். அதற்குள் டியூட்டி நேரம் வந்துவிட, இரண்டாவது பையை வீட்டுக்காரரிடம் கொடுத்து, இதையும் வேகவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அவர் நீட்டிய வளையங்கள் பால்பல் மாதிரி இருந்தன. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக அவரைப் பாராட்டினாள். மனுஷர் கூச்சத்தில் காது சிவந்து போனார்.

தண்ணீர் எவ்வளவு தெளிவு என்றால், இருக்கிறதா இல்லையா என்று விரல் விட்டுத்தான் பார்க்க வேண்டும். மீன்கள் கூடத்தில் பறப்பதாக நினைத்து வாசலுக்கு வந்த தபால்காரர் குனிந்து ஒதுங்கினார்.

புதன்கிழமை காலையில் இரண்டு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கின. போட்ட தீனி அப்படியே மிதந்தது. பளிச்சம்மா மீன்கடைக்காரருக்குப் போன் செய்து, செய்ததை எல்லாம் பெருமையோடு ஒப்பித்தாள். குக்கர் என்றதும் அவர் குறுக்கிட்டார்.

"அம்மா, நீங்க வேகவச்சது அழுக்கில்ல. அதுதான் வடிகட்டியே," என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். மீன் கழிவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷம் தண்ணீரில் கலக்கிறது. அந்த வழுவழுப்பில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைத் தின்று தீர்க்கின்றன. ஸ்கிம்மரும் கரியும் விளக்கும் அவற்றுக்குத் துணை நிற்கும், அவற்றின் வேலையைச் செய்யாது. புதிதாகக் குடியேற ஒரு மாதம் ஆகும்; மீன்கள் அத்தனை நாள் தாங்காது. பாதித் தண்ணீரை மாற்றுங்கள், கழுவாத பழைய வளையங்கள் எங்கேயாவது கிடைத்தால் போடுங்கள் என்றார். தன் கடைத் தொட்டிகளில் நோய் புகுந்திருப்பதால் அங்கிருந்து கொடுக்க முடியாது என்றும் சொன்னார்.

சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, அந்த விஷத்தைக் காட்டும் மருந்தை விட்டாள். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாயிற்று. தொட்டி முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆயுசில் கோடானுகோடி கிருமிகளைக் கொன்றவள், முதல் முறையாகக் கிருமிக்காகக் கண் கலங்கினாள்.

"நானே கொன்னுட்டேங்க. அவகிட்ட என்ன சொல்லுவேன்?"

வீட்டுக்காரர் முக்காலியிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்தார். அதுவே ஒரு விசேஷம்.

"அந்த ரெண்டாவது பை இருக்குல்ல... அத நான் வேகவைக்கல."

"என்ன சொல்றீங்க? வெள்ளவெளேர்னு இருந்துச்சே."

"அது ஸ்கிம்மரோட வந்த புது வளையம். பழசு பால்கனியில, நீ எடுத்த தொட்டித் தண்ணியிலயே வாளிக்குள்ள கிடக்கு. குக்கரத் தேய்க்கச் சோம்பலா இருந்துச்சு."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் திட்டுவதா கும்பிடுவதா என்ற தகராறு தெரிந்தது. தீர்ப்பு வருவதற்குள் மனுஷர் பால்கனிக்கு ஓடினார். ஓடினார் என்று நான் எழுதுவது கற்பனை இல்லை; கீழ் வீட்டில் விளக்கு ஆடியது.

பை வழவழவென்று பழுப்பாக, உயிரோடு வந்தது. கையுறை இல்லாமல் காய்கூடத் தொடாதவள், அதை வெறுங்கையால் வாங்கி, பச்சைப் பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல் பெட்டிக்குள் இறக்கினாள். கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை ஊற்றிப் பாதியை மாற்றினாள். வியாழக்கிழமை குழாயில் இளம்பச்சை. வெள்ளி மாலை மீன்கள் பாறை இடுக்குக்கு இறங்கின. சனிக்கிழமை மஞ்சள். பெரிய மீன் தீனியைக் கவ்வியது. சின்னது அதன் வாயிலிருந்தே பிடுங்கியது. பளிச்சம்மா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டு, பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டுப் பகலிலேயே தூங்கினாள்.

ஞாயிறு மகள் கூப்பிட்டாள். மீன்களைக் கண்குளிரப் பார்த்தாள்.

"ரெண்டும் நல்லாத்தான்மா இருக்குங்க. தண்ணிதான் லேசா மங்கலா தெரியுது."

"இருந்துட்டுப் போகட்டும்டி," என்றாள் பளிச்சம்மா. "உங்கப்பாகிட்ட பேசு. அவர் நல்லா இருக்காரான்னு முதல்ல கேளு."