பூஜ்யம் வைத்து எழுதிய முகவரி

செய்தி வந்தபோது நான் ஜெபராஜுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். நிரலில் நான் எழுதிய சிறு திருத்தம் ஒன்று அவர் பார்வைக்குப் போயிருந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ஜெபராஜின் ஒப்புதல் தேவை என்ற வரி திரையில் மஞ்சளாக நின்றது. கரண்ட் போய், கீழ்த்தளத்து நிட்டிங் மெஷின்கள் ஒரேயடியாக ஓய்ந்தன; யூ.பி.எஸ்ஸில் எங்கள் திரைகள் மட்டும் எரிந்தன. அந்த அமைதியில் முதலாளி படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலிலேயே நின்றுகொண்டு, "ஜெபராஜ் தம்பி நம்மள உட்டுப் போயிட்டாரு கண்ணு" என்றார். நான் திரும்பி, மஞ்சள் வரி மாறியிருக்கிறதா என்று திரையைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் மேல் கோபம் உண்டு என்று எனக்குத் தெரியும். எனக்கும் உண்டு. இறந்துபோனார் என்பதால் அது தீர்ந்துவிடவில்லை.

திருப்பூர் நல்லூரில் எங்கள் அலுவலகம் இருக்கும் மாடியை உங்களுக்குத் தெரியும். பஞ்சு பறந்து கம்ப்யூட்டருக்குள் போய்விடும் என்று ஜன்னலைத் திறக்க மாட்டோம். கண்ணாடிக்கு வெளியே இரும்புக் கம்பி. கண்ணாடிக்கு உள்ளேயும் எப்படியோ பஞ்சு வந்து படிந்துவிடும். ஜெபராஜ் தன் நாற்காலியிலிருந்து எட்டும் உயரத்தில் கைக்குட்டையால் ஒரு சிறு சதுரம் துடைத்து வைத்திருந்தார். வேலையில் சேர்ந்த புதிதில், அதன் வழியாக என்ன தெரிகிறது என்று கேட்டேன். "கடலு" என்றார் அந்தத் தூத்துக்குடிக்காரர். எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு மொட்டை மாடியில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன.

நாங்கள் செய்வது ஆலைகளின் இணைய வாசலில் உட்காரும் ஒரு சிறு பெட்டி. மெஷின் கம்பெனியின் பொறியாளர் வெளியூரில் இருந்தபடியே இங்குள்ள மெஷினை இயக்கிப் பார்க்க வேண்டுமென்றால், அந்தப் பெட்டியில் ஒரு விதி எழுத வேண்டும். இன்ன கதவைத் தட்டி வருபவரை உள்ளே இன்ன முகவரிக்கு அனுப்பு என்பதுதான் விதி. போர்ட் ஃபார்வர்டிங் என்போம். அந்த முகவரியைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிரல் எங்களுக்கு முன்பு இருந்துபோன யாரோ எழுதியது. அதில் நான் திருத்தங்கள் செய்வேன், ஜெபராஜ் சரிபார்ப்பார். அவர் ஒப்புக்கொள்ளாமல் எதுவும் வெளியே போகாது.

ஒவ்வொரு முறையும் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார். "அந்த முகவரியில யாரு இருக்கா?"

"அது நம்பருங்ணா. நம்பர்ல யாருங்ணா இருப்பாங்க?"

"நம்பர்ல இருக்க மாட்டாவ. அது போய்ச் சேருத எடத்துல இருப்பாவ."

முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். நூறாவது தடவை கேட்கும்போது யாருக்குச் சிரிப்பு வரும்? அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் அதே குரலில் சொல்லிக் காட்டுவோம். அவருக்கும் அது தெரியும். டீ வரும்போது கிளாஸைக் காட்டி, "இந்த முகவரியில யாரு இருக்கா? ஒரு செத்த ஈ இருக்கா" என்று அவரே ஆரம்பித்துவிடுவார்.

சேரும்போது எங்கள் எல்லோருடைய ஒரிஜினல் சான்றிதழ்களையும் முதலாளி வாங்கி, தன் அறையின் இரும்பு பீரோவில் வைத்திருந்தார். மேலே முருகன் படம், கீழே எங்கள் படிப்பு. கடுமையான மனிதர் அல்ல. யாரையும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. "நம்ம ஊட்டுப் புள்ளைகளாட்டத்தானுங்க வெச்சிருக்கறேன்" என்பார். அது உண்மைதான். வீட்டுப் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவது எவ்வளவு சிரமம் என்பதை நான் என் வீட்டிலேயே அறிவேன்.

ஜெபராஜுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அவருடைய மனைவி ஸ்டெல்லா அங்கே நர்ஸ். மகள் அங்கேதான் படிக்கிறாள். மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய் வரும் வாழ்க்கை அதோடு முடிந்துவிடும். ஆனால் மாதக் கடைசிக்குள் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். முதலாளி மறுக்கவில்லை. "பொட்டியோட புது வெர்ஷனை மட்டும் பாத்து உட்டுருங் தம்பி. அன்னைக்கே சர்டிபிகேட் ஃபைலைக் கையில குடுத்து, நானே பஸ் ஏத்தி உடறனுங்க" என்றார். அன்று சாயங்காலம் ஜெபராஜ் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரம் நெருப்பெரிச்சல் ஊரைத் தாண்டி ஒரு சாயப்பட்டறைக்கு நானும் அவரும் பெட்டியைப் பார்க்கப் போனோம். சூப்பர்வைசர் திரையில் விதிகளைக் காட்டினார். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு முகவரி. கடைசி எண்தான் மெஷின் எண். ஜெபராஜ் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எல்லாத்துக்கும் முன்னால பூஜ்யம் வச்சிருக்கிய. எட்டும் ஒம்பதும் மட்டும் ஏன் மொட்டையா நிக்கி?" என்று கேட்டார்.

"அது உங்க பொட்டி பண்ற அழும்புங்க. அந்த ரெண்டுக்கு மட்டும் பூஜ்யம் வெச்சா எடுக்க மாட்டீங்குது. எடுத்துப்போட்டு எழுதுனனுங்க. இன்னைக்குக் காலைல பத்தாம் மெஷினுக்கு எழுதுனேன், அதுக்குப் பூஜ்யத்தோடயே எடுத்துக்கிச்சு."

"பூஜ்யம் எதுக்கு?"

"லாட் நம்பரு, ரோல் நம்பரு எல்லாமே அப்பிடித்தானுங்க எழுதுவோம். மூணு எழுத்து இருந்தாத்தானே வரிசையா நிக்கும்?"

திருப்பூரில் எந்தத் துணி ரோலைப் புரட்டினாலும் அப்படித்தான் எழுதியிருக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கும் எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. ஜெபராஜின் முகம் மாறியது. கணினிகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டு எட்டாக எண்ணும் கணக்கில் படிப்பது. அந்தக் கணக்கில் ஒன்று முதல் ஏழு வரை மாற்றம் இல்லை. எட்டு, ஒன்பது என்ற இலக்கங்களே கிடையாது; அதனால்தான் பெட்டி அவற்றை ஏற்கவில்லை. பூஜ்யம் வைத்து எழுதிய பத்து, எட்டு ஆகிவிடும். எங்கள் நிரல் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தது. அதாவது, தொலைவில் இருக்கும் பொறியாளர் பத்தாம் மெஷினை ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு எட்டாம் மெஷினை ஓட்டுவார்.

எட்டாம் மெஷின் மூடி திறந்திருந்தது. வடக்கிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் இடுப்பு வரை உள்ளே குனிந்து ஈரத் துணியை இழுத்துக்கொண்டிருந்தார். "மொதல்ல அந்த விதியை அழிங்க" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, ஜெபராஜ் ஓடிப்போய் அந்த மனிதர் பக்கத்தில் நின்றுகொண்டார். துணி முழுவதும் வெளியே வரும்வரை நகரவில்லை. வழியை மறித்துக்கொண்டு நின்றவரை அந்தத் தொழிலாளி எரிச்சலோடு பார்த்து, "ஹடோ பையா" என்று விலகச் சொன்னார்.

திருத்தம் எளிது என்று நினைத்தேன். முன்னால் இருக்கும் பூஜ்யத்தை நிரலே உதறிவிட்டுப் பத்தைப் பத்தாகவே படித்தால் போதும். அன்றே எழுதி அனுப்பினேன். ஜெபராஜ் நிராகரித்தார்.

"ஏனுங்ணா? இப்ப சரியாத்தானே போகுது?"

"இவ்வளவு நாளும் தப்பாப் போனதைப் பாத்து, தட்டித் தடவி வேற நம்பரைப் போட்டு வேலைய முடிச்சவன் எங்கயாவது இருப்பாம்லா? நீ இன்னைக்குச் சத்தமில்லாமத் திருத்துனா, அவனுக்கு நாளைக்குத் தப்பாப் போவும்."

"அப்பிடி ஒருத்தரு இருக்கறாருன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. அதான் சொல்லுதேன். ரெண்டு விதமாப் படிக்கலாம்னா ஒண்ணைக்கூடப் படிக்கப்படாது. நில்லுன்னு சொல்லணும்."

அதாவது, பூஜ்யத்தில் தொடங்கும் எந்த முகவரியையும் பெட்டி ஏற்கக் கூடாது. அப்படியானால் புது வெர்ஷன் போவதற்கு முன் ஆலை ஆலையாகப் போய், பழைய விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றி எழுத வேண்டும். அதற்குள் மாதம் முடிந்துவிடும். இது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. என் திருத்தத்துக்கு ஒப்புதல் தரும் பச்சைப் பொத்தானை அவர் அழுத்தினால் ஊருக்குப் போய்விடலாம்.

முதலாளியும் அதையேதான் சொன்னார். "இந்தப் புள்ள திருத்திப்போட்டாளே தம்பி. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாமுங்க. நீங்க உங்க ஊட்டப் பாருங்க." எவ்வளவு அன்பான யோசனை. நானும் சொன்னேன், "நீங்க போங்ணா. ஒவ்வொரு ஆலையா நான் போய்ப் பாத்துக்கறேன்." ஜெபராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ பாப்பே. ரெண்டு ஆலை பாப்பே. அப்புறம் அவரு 'போதுங் கண்ணு'ன்னு சொன்னா, நீ 'சரிங்க'ன்னு சொல்லிருவ. உங்க ஊர்ல ஒருத்தரும் சண்டை போட மாட்டீங்க. அப்படியே அமுங்கிப் போயிருவீங்க."

அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் பேசியிருப்பேன்.

ஸ்டெல்லாவிடம் அவர் மாடிப்படியில் நின்று போனில் பேசியது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. கீழே மெஷின் ஓடும் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "கொஞ்ச நாளுதான் ஸ்டெல்லா... இல்ல, அவிய பிடிச்சு வைக்கல... நாந்தான்... பிள்ளைட்ட குடு... சரி, குடுக்காண்டாம்." மேலே வந்து உட்கார்ந்து, சதுரத்தின் வழியாக வெகுநேரம் போர்வைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதம் முடிந்தது. அந்த வேலை வேறொருவருக்குப் போனது.

இதைப் பெரிய தியாகம் என்று இரங்கல் கூட்டத்தில் சிலர் பேசினார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. பூட்டியிருந்த அறைக்கு ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். ஜெபராஜ் எழுந்து போய், தானே அதைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவரைப் பிடித்து வைத்தது மனசாட்சியா, வீம்பா, இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியுமா? எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நாங்கள் ஆலை ஆலையாகப் போனபோது, தட்டித் தடவி வேறு நம்பர் போட்டிருப்பதாக அவர் சொன்ன ஆள் இருந்தார். மடத்துக்குளத்துப் பக்கம் ஒரு சிறு நூல் மில்லில், பத்தாம் மெஷினுக்கு நேராக, பூஜ்யம் போட்டுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. எட்டுக் கணக்கில் படித்தால் அது ஓர் எட்டும் இரண்டும் சேர்ந்து பத்து. மில்காரர் வெகுளியாகச் சொன்னார்: "பூஜ்யம் வெச்சுப் பத்துன்னு போட்டா வேறெங்கியோ போச்சுங்க. ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தேன். பன்னெண்டுல மாட்டுச்சு. உட்டுட்டனுங்க." என் திருத்தம் போயிருந்தால், மறுநாளே அது பன்னிரண்டாம் மெஷினைத் தொட்டிருக்கும். நான் ஜெபராஜைப் பார்த்தேன். 'சொன்னேம்லா' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "இங்கன எளநி நல்லாருக்குமாமே?" என்று மில்காரரைக் கேட்டார்.

எல்லா ஆலைகளையும் பார்த்து முடித்து, புது வெர்ஷனுக்கு அவர் ஒப்புதல் கொடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தது. வேறு வேலைக்கு மறுபடி எழுதிப் போட்டிருந்தார். பதில் வரவில்லை; ஃபைலையும் அவர் கேட்டு வாங்கவில்லை.

உடலை ஊருக்கு எடுத்துப் போகும் அன்று முதலாளி அவருடைய ஃபைலை என்னிடம் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அடக்கம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு ஸ்டெல்லாவிடம் அதைக் கொடுத்தேன். திறந்து பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு பூஜ்யத்துக்காவா?" என்று கேட்டார். எட்டாம் மெஷினில் குனிந்திருந்த மனிதரைப் பற்றி நான் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அவரு பேரு என்ன?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு நேரம் அந்த மனிதரை வைத்து ஒரு மரணத்துக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன், பெயர் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் அந்தச் சாயப்பட்டறைக்குப் போனேன். அதே மெஷினில்தான் இருந்தார். அவர் பெயர் ராம்பிரவேஷ். ஜெபராஜை அவருக்கு நினைவில்லை. வழியில் நின்ற ஆள் என்று சொன்னதும் நினைவு வந்து சிரித்தார். ஸ்டெல்லாவுக்குப் பெயரை மட்டும் எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "அவரு நல்லா இருக்கட்டும்."

போன வாரம் முதலாளி என் மேஜைக்கு வந்தார். "தம்பி ஆஸ்பத்திரி போறப்ப பாக்காம உட்ட திருத்தம் இன்னும் நிக்குதாமே கண்ணு. தம்பி பேர எடுத்துப்போட்டு, நீயே ஒப்புதல் குடுத்துக்க."

"இல்லீங்க சார். எழுதுனவங்களே பாக்கக் கூடாதுங்க. இன்னொருத்தரு பாக்கோணும்."

"இன்னொருத்தரு எங்க இருக்கறாங்க?"

"இல்லீங்க. அதனாலதாங்க நிக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்பறம் எம்பட ஃபைலுமுங்க சார்" என்றேன்.

"அது இங்க பத்திரமாத்தானே இருக்குது?"

"பத்திரமா இருக்குதுங்க. இருந்தாலும் குடுத்துருங்க."

அவர் தன் அறைக்குப் போய் பீரோவைத் திறந்தார்.

ஃபைல் இப்போது வீட்டில் என் புத்தகங்களுக்கு நடுவே இருக்கிறது. நான் எங்கும் போய்விடவில்லை. போவேனா என்றும் தெரியவில்லை. ஜெபராஜிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். அந்த முகவரியில் யார் இருக்கிறார் என்று இப்போது நானும் கேட்கிறேன்; எனக்குப் பின்னால் யாராவது அதே குரலில் சொல்லிக் காட்டுகிறார்கள். அவர் துடைத்து வைத்த சதுரத்தில் மறுபடி பஞ்சு படியத் தொடங்கியது. காலையில் வந்ததும் அதைத் துடைக்கிறேன். எதிர்வீட்டுப் போர்வைகள் தெரிகின்றன. திரையில் மஞ்சள் வரி அப்படியே நிற்கிறது.