இரண்டு முழத்தில் அக்கா முகம்

போன வாரம் ஸ்கூடாயில் ஒரு கேமரா கடைக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா முதல் சம்பளத்தில் கேமரா வாங்கினாள், நான் துணைக்கு. "அங்கிள், பட்ஜெட் கம்மி லா. பாடி நல்லதா வாங்கவா, லென்ஸ் நல்லதா வாங்கவா?" என்று கேட்டாள்.

எனக்குப் பழைய பரபரப்பு அப்படியே தொற்றிக்கொண்டது. இதே கேள்வியோடு நானும் தவித்தவன்தானே... ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், பெக்கோக்கில், கையில் மூன்று கோழிகளோடு!

கோழியா என்கிறீர்களா? ஜப்பான் நோட்டை அப்போது யார் மதித்தார்கள்?

எஸ்டேட்டில் அக்காவுக்குக் கல்யாணம். அம்மாவோ தமிழ்நாட்டில். உறவுக்காரர்களைப் பார்க்கப் போனவர், சண்டை வந்து கப்பல் நின்றதும் அங்கேயே மாட்டிக்கொண்டார். மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் பார்க்க முடியாது. மணக்கோலத்தில் அவள் முகத்தையாவது பிறகு பார்க்க வேண்டாமா? ஒரு படம் எடுத்தே தீருவது என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. விருந்துக்கு வளர்த்த கோழிகளை அப்பா பிடித்துக் கொடுத்தார்.

டவுனில் பழைய சாமான் விற்றவர் செய்யது நானா, அதாவது செய்யது அண்ணன். சாக்கை விலக்கி இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று மடக்குக் கேமரா — துருத்தி, பளபளக்கும் லென்ஸ், மூன்று கோழி. இன்னொன்று வெறும் பெட்டிக் கேமரா, இரண்டு கோழி. நான் எதைக் கையில் எடுத்திருப்பேன்? பளபளப்பைத்தான்!

"லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சிருக்கு தம்பி. பாக்கத்தான் அழகு" என்றார் நானா. "யாரு படம் எடுக்கணும்?"

"அக்கா முகம் நானா. அம்மாவுக்குக் காட்டணும்."

"அப்ப பெட்டிய எடு. ஆனா ஆறு முழத்துக்குக் கிட்ட போனா கலங்கிரும். இத முன்னால மாட்டிக்க, ரெண்டு முழத்துல முகம் பளிச்சுனு விழும்" என்று வளையம் போட்ட ஒரு சின்ன லென்ஸை நீட்டினார். அதற்கு ஒரு கோழி. பழைய ஃபிலிம் ரோல் ஒன்றைச் சும்மாவே கொடுத்தார்.

கேமராவோடு போவதை ஜப்பான்காரன் பார்த்தால் உளவாளி என்று பிடித்துக்கொள்வான். மரவள்ளிக் கூடைக்கு அடியில் வைத்து வீடு கொண்டுவந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டதே, அது பயம் என்றா நினைக்கிறீர்கள்? சந்தோஷம்!

கல்யாணத்தன்று காலையில்தான் விஷயம் உறைத்தது. கேமரா இருக்கிறது, லென்ஸ் இருக்கிறது... முகம் எங்கே? மணையில் உட்கார்ந்த அக்கா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. கல்யாணப் பெண் நிமிர்ந்தால் ஊர் சும்மா விடுமா? எந்தப் பக்கம் போனாலும் உச்சந்தலையும் பூவும்தான் தெரிந்தன. அழுகையே வந்துவிட்டது.

சட்டென்று ஒரு யோசனை. வெளிச்சத்துக்காகப் பந்தலில் ஒரு கீற்றை உருவிப் போட்டேன். அக்காவுக்கு முன்னால் இரண்டு முழம் அளந்து, கேமராவைத் தரையில் மல்லாக்கச் சாய்த்து வைத்துவிட்டு, நானும் குப்புறப் படுத்தேன்.

"என்னடா இவன், மணவறையில வந்து படுத்திருக்கான்? இழுத்து வெளிய போடுங்கடா" என்று பெரியப்பா கத்தினார்.

"அக்கா, நீ நிமிர வேணாம். இந்தப் பெட்டியப் பாரு. அம்மா இதுக்குள்ள இருந்து பாக்குறாங்கன்னு நெனச்சுக்க" என்றேன் மெல்ல.

அக்கா பார்த்தாள். உதடு துடித்தது, அப்புறம் சிரித்தாள். நான் விசையைத் தட்டினேன்.

சண்டை முடிந்து, கப்பல் ஓடி, அம்மா வந்து இறங்கினார். முதல் வேலையாகப் படத்தைக் கையில் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஓர் அதட்டல்:

"ஏன்டா, கல்யாணப் பொண்ணு லட்சணமா தலையக் குனிய வேணாம்? எதுக்குடா இவ என்னையே பாக்குறா?"