திரையை மூடியதும் நின்றுபோன செய்தி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஈப்போ ஜெலாப்பாங் பசாரில், எங்கள் பழைய தோட்டத்துக் கோமதியைப் பார்த்தேன். தூரத்திலிருந்தே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பார்க்காதது மாதிரி காய்கறிக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் விடுகிற ஆளா? பின்னாலேயே போய்த் தோளைத் தொட்டேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அப்பாவ எடுத்து ஒரு வாரம் ஆகுதுக்கா. நீங்களும் வரல" என்றாள்.

அவளை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார வைத்தேன். எனக்குச் செய்தியே வரவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? சாவுச் செய்தி அனுப்புகிற போன் ஆப்பை எழுதியதே நான்தானே...

பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கோமதி பத்திரிகை வாங்குவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் தைரியம்தான்.

அவள் அப்பா சின்னசாமி, எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டியவர். தோட்டத்தை விற்ற பிறகு ஆளுக்கொரு பக்கம் போனோம். சிலர் ஈப்போவுக்கு, சிலர் பாகான் செராய்க்கு, சிலர் ஹுத்தான் மெலிந்தாங்குக்கு. இன்றைக்கு எங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது ஒரே ஒரு விஷயம்தான் — மரண சகாய சங்கம். உறுப்பினர் வீட்டில் யாராவது இறந்தால், செயலாளர் போனிலுள்ள அந்த ஆப்பிலிருந்து எல்லாருக்கும் செய்தி போகும். கல்யாணத்துக்கு வராமல் இருக்கலாம், காது குத்துக்கு வராமல் இருக்கலாம். சாவுக்கு வராமல் இருக்கக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் அதை மீறியவரை நான் பார்த்ததில்லை.

சின்னசாமி எந்தத் துக்க வீட்டிலும் முதல் ஆளாக நிற்பார். உடலைக் குளிப்பாட்டுவது அவர்தான். வேட்டி எங்கே, தேங்காய் எங்கே என்று வீட்டுக்காரர்களை விரட்டுவதும் அவர்தான். சடங்கு செய்ய வரும் பண்டாரத்தையே அதட்டுவார். அந்த வாய்க்குப் பயந்தே நல்ல காரியத்துக்கு அவரை யாரும் முன்னால் நிறுத்த மாட்டார்கள். ஆனால் சாவு என்றால் அவர் வராமல் பெட்டி நகராது.

அந்த மனிதர் வீட்டில் அன்றைக்கு யார் இருந்தார்கள்? அக்கம்பக்கத்துத் தாமான் ஆட்கள் நாலைந்து பேர், கோமதியோடு ஃபேக்டரியில் வேலை செய்யும் பெண்கள், சங்கச் செயலாளர் முனியாண்டி அண்ணன், வயதான இரண்டு பேர். அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் தோள் கொடுக்க ஆள் போதவில்லை. சவ வண்டியில் வந்த வேலைக்காரப் பையன்கள் இரண்டு பேர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர்கூட கோமதிக்குத் தெரியாது.

இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். கோப்பி ஆறிப்போனது. பிறகுதான் கேட்டாள்.

"அப்பா அப்படி என்னக்கா தப்பு பண்ணிட்டாரு?"

வாசகர்களே, இங்கே கொஞ்சம் கணினி பேசியாக வேண்டும். நான் கணினி பற்றி எழுதினால் உங்களில் பாதிப் பேர் ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்த வாரம் போகாதீர்கள்.

ஒரு புரோகிராம் வெளியே எதையாவது கேட்டால் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். சும்மா நின்று காத்திருந்தால் போன் உறைந்துபோகும். அதனால் அந்தக் காலத்தில், "பதில் வந்ததும் என்னைக் கூப்பிடு" என்று எழுதி வைத்துவிட்டு நகர்வோம். அந்தக் கூப்பிடலுக்குள் இன்னொரு கூப்பிடல், அதற்குள் இன்னொன்று. ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், எழுதியவளுக்கே தலை சுற்றும்.

இப்போது கோரூட்டீன் என்று ஒரு முறை வந்திருக்கிறது. காத்திருக்க வேண்டிய இடத்தில் அது தன்னை நிறுத்தி வைத்துக்கொண்டு, மற்ற வேலைகளுக்கு வழிவிடும். பதில் வந்ததும் விட்ட வரியிலிருந்தே தொடரும். சோறு உலையில் வேகும்போது நாம் வெங்காயம் நறுக்குவதில்லையா, அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் ஆபீஸில் எல்லாரும் இதற்கு மாற வேண்டும் என்று டீம் லீடர் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஐம்பதைத் தொடப்போகிற வயதில் இது தேவையா? முதல் சில வாரங்கள் ஒரு எழுத்தும் ஏறவில்லை. பக்கத்து மேசைப் பெண் ஐந்து நிமிடத்தில் முடிப்பதை நான் மத்தியானம்வரை நோண்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது, சட்டென்று பிடிபட்டது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல... மூன்று பக்கம் எழுதியது முக்கால் பக்கமாகச் சுருங்கியது. மேலிருந்து கீழே கதை மாதிரி படிக்கலாம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். புதுச் சேலை வாங்கினால் கட்டிக்கொண்டு தெருவில் ஒரு நடை போகத் தோன்றுமே, அந்தக் கிறுக்குத்தான் எனக்கும். சங்கத்து ஆப்பைத் திறந்தேன். பழைய முறையில் எழுதியது. அசிங்கமாக இருந்தாலும் வருடக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முழுவதையும் கோரூட்டீனுக்கு மாற்றினேன். கேட்டது யார்? ஒருவரும் இல்லை.

ஒவ்வொரு கோரூட்டீனுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. ஸ்கோப் என்பார்கள். சொந்தக்காரர் போய்விட்டால் அவருக்குக் கீழே நடக்கும் வேலையெல்லாம் ரத்தாகிவிடும். நல்லதுக்காகச் செய்த ஏற்பாடுதான் — பார்க்க ஆளில்லாத படத்தை எதற்கு இறக்கிக்கொண்டிருக்க வேண்டும்? பாடத்தில் இதைப் படித்தேன், தலையும் ஆட்டினேன். ஆட்டிவிட்டு, செய்தி அனுப்பும் வேலைக்குச் சொந்தக்காரராக, ஆப்பில் "அனுப்பு" பொத்தான் இருக்கும் திரையையே போட்டேன். திரையை மூடினால் வேலையும் நின்றுவிடும். இன்னும் மோசம், ரத்து என்பது கோரூட்டீன் கணக்கில் பிழையே இல்லை. அதனால் எனக்கு எச்சரிக்கையும் வராது, யாருக்கும் ஒரு சத்தமும் கேட்காது.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். "அனுப்பு" பொத்தானை அமுக்கிவிட்டு, கடைசிப் பெயர்வரை போய்ச் சேருகிறதா என்று திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதியவள் அப்படித்தான் பார்ப்பாள். சாவு வீட்டில் நிற்கிறவர் அப்படிப் பார்ப்பாரா?

பசாரிலிருந்து நேராக முனியாண்டி அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். அன்றைக்குச் செய்தியை எப்படி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"அமுக்குனேன், மூடுனேன், பாக்கெட்ல போட்டேன்லா. கூடாரத்துக்குச் சொல்லணும், பண்டாரத்துக்குச் சொல்லணும், மின்சுடலையில நேரம் வாங்கணும். போனையே பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. இத்தனை வருடமும் அப்படித்தான் செய்தார், பழைய ஆப்பும் அவர் பாக்கெட்டுக்குள் இருந்தபடியே வேலையை முடித்தது. நான் மாற்றி எழுதிய பிறகு சங்கத்தில் விழுந்த முதல் சாவு சின்னசாமியுடையது.

சர்வரைத் திறந்து, செய்தி எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தேன். உறுப்பினர் எண் வரிசைப்படிதான் போகும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சிறு இடைவெளி விட்டிருந்தேன். முனியாண்டி அண்ணன் மூடுவதற்குள் ஆறு பேருக்குப் போயிருந்தது. பிறகு மௌனம். நானெல்லாம் பின்னால் சேர்ந்தவள், எனக்கு வர வாய்ப்பே இல்லை.

அந்த ஆறு பேர் யார்? சங்கம் தொடங்கிய நாளில் பெயர் கொடுத்தவர்கள். சின்னசாமியோடு தோட்டத்தில் ஒரே லயன் வீட்டு வரிசையில் குடியிருந்தவர்கள், ஒன்றாகச் சீட்டாடியவர்கள், ஒன்றாகச் சண்டை போட்டவர்கள். செய்தியைத் திறந்து பார்த்தார்களா என்பதும் சர்வரில் பதிவாகியிருந்தது. ஆறு பேருமே பார்த்திருந்தார்கள். கோமதி சொன்ன அந்த வயதான இரண்டு பேர் இவர்களில்தான் சேர்த்தி. மற்ற நான்கு பேர்?

வரவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியாது. வண்டி எடுக்க ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம். முட்டி வலியாக இருக்கலாம். எப்போதோ அவர் அதட்டியது இன்னும் நெஞ்சில் கிடந்திருக்கலாம். அந்த வயதில் கூட்டாளியின் பெட்டியைப் பார்ப்பது தன் பெட்டியைப் பார்ப்பது மாதிரி... அந்தப் பயமாகவும் இருக்கலாம். நான் யாரைக் கேட்பது, எந்த முகத்தோடு கேட்பது?

மறுநாள் கோமதி வீட்டுக்குப் போனேன். அப்பா படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோரூட்டீன், ஸ்கோப் எதுவும் சொல்லவில்லை. ஆப்பை நான் மாற்றி எழுதினேன், தப்பாக எழுதிவிட்டேன், அதனால் செய்தி போகவில்லை, உன் அப்பா மேல் யாருக்கும் எந்தக் கோபமும் இல்லை என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாருக்குமே போகலயாக்கா?"

எத்தனை வருடமாகப் புரோகிராம் எழுதுகிறேன். என்ன நடந்ததோ அதை அப்படியே சொல்வதுதான் என் தொழில். ஆறு பேருக்குப் போனது, ஆறு பேரும் பார்த்தார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா? இருக்கிறது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது என்னால் முடியவில்லை.

"யாருக்கும் போகலம்மா" என்றேன்.

"அப்போ வந்த ரெண்டு பேரு?" என்றாள். முனியாண்டி அண்ணன் வாய்வழியாகச் சொல்லியிருப்பார் என்று அதற்கும் ஒரு பதில் வைத்தேன். ஒரு பொய்யைக் கூப்பிட்டால் அது தன் கூட்டத்தோடுதான் வருகிறது.

கோளாறைச் சரிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. திரையிடமிருந்து அந்த வேலையைப் பிடுங்கி, போனின் அமைப்பிடமே ஒப்படைத்தேன். இனி திரையை மூடினாலும், ஆப்பையே மூடினாலும், அது தன் வேலையை முடித்துவிட்டுத்தான் ஓயும். பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குச் செய்தி அனுப்பும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். அமுக்குங்கள், உடனே மூடுங்கள் என்று முனியாண்டி அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூடினார். கடைசி உறுப்பினர்வரை எல்லாருக்கும் போனது.

கோயில் மண்டபம் கொள்ளவில்லை. பாகான் செராயிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து விடியும் முன்னே கிளம்பி வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் போய்விட்டதே அம்மா என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். அவளும் ஒவ்வொருவரிடமும், ஆப் கோளாறுங்க, உங்க மேல தப்பில்ல என்று சொல்லிக்கொண்டே பந்தியில் இலை போட்டாள். அவள் முகம் தெளிந்திருந்தது. அப்பாவின் பெயர் அன்றைக்குத்தான் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

பெருமாள் மாமாவும் வந்தார். சின்னசாமியின் உயிர்க் கூட்டாளி, தோட்டத்தில் பக்கத்து வீடு, சங்கத்தில் முதல் உறுப்பினர். அன்றைக்குச் செய்தி போன சற்று நேரத்திலேயே அதைத் திறந்து பார்த்தும் வராதவர். அவருக்கு எப்படியோ யார் ஆப்பை எழுதியது என்று தெரிந்திருந்தது. தடியை ஊன்றிக்கொண்டு, பந்திக்கு நடுவே என்னைத் தேடி வந்தார். கோமதி தண்ணீர் ஜக்கோடு என் பக்கத்தில் நின்றாள்.

"நீதான் அந்த ஆப்ப செஞ்சதா? என் கூட்டாளி மொகத்தக் கடைசியா ஒரு வாட்டி பாக்க விடாம பண்ணிட்டியேம்மா."

சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை போதும்... ஆனால் கேட்டுக்கொண்டு நிற்பது யார்?

"மன்னிச்சிருங்க மாமா" என்றேன்.

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கோமதி, சாப்பிட வாங்க மாமா, இலை போட்டாச்சு என்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் விட்டார்.

ஆப்பைத் திருத்திவிட்டேன், பழியை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன், கோமதிக்குத் தேவைப்படும்வரை.